புகை வராத கடை

காலை நேரத்தில் பாங் எந்தத் தெரு வழியாகப் போனான் என்பதைப் புகையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

அன்றைக்கும் அப்படித்தான். செருப்புக் கடையில் விலை கேட்டான், வாங்கவில்லை. அவன் முதுகு திரும்பியதும் கடைக்காரி ஒரு செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்தி, செருப்புகளுக்கு மேல் மூன்று சுற்று சுற்றி, வாசலில் போட்டு மிதித்தாள். அடுத்து விசிறிக் கடை. அங்கேயும் விலை கேட்டான், அங்கேயும் புகை. போணிக்கு வந்தவன் வெறுங்கையோடு போனால் அந்தப் பீடையை அங்கேயே எரித்துவிட வேண்டும். ஹனோயின் பழைய தெருக்களில் இது பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். பாங்குக்கும் தெரியும். ஆனால் விலை கேட்காமல் இருக்க அவனால் முடிவதில்லை.

"எத்தனை கடை?" என்றாள் தியெப், நாற்காலியிலிருந்து நிமிராமலேயே. அவள் மூக்குக்கு அந்தக் கருகல் வாடை பழக்கம்.

"ரெண்டுதான் அக்கா. நேத்து அஞ்சு. முன்னேற்றம்னு சொல்லுங்க."

தியெப்பின் துப்பறியும் அலுவலகம் ஒரு நூடுல்ஸ் சூப் கடையின் மாடியில் இருந்தது. அதற்கு முன் இருபது வருஷம் ஹனோய்–சைகோன் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள். டிக்கெட் இல்லாதவனை டிக்கெட் கேட்காமலே கண்டுபிடிப்பாள் என்று அந்தப் பாதையில் ஒரு பேச்சு உண்டு. பாங் நாற்பது வயதுக்காரன். வாடகை மோட்டார் பைக் ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒருநாள் அவளை ஏற்றிக்கொண்டு போனவன், இன்றுவரை இறக்கிவிடவில்லை.

படிக்கட்டு அதிர்ந்தது. பிறகு நிலைப்படியில் 'டங்' என்று ஒரு சத்தம்.

"யாரோ வெளிநாட்டுக்காரர் அக்கா" என்றான் பாங். "தலையாலயே கதவைத் தட்டறாரு பாருங்க."

உள்ளே வந்தவன் ஆறடிக்கு மேல் இருந்தான். நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். பெயர் ப்ரூனோ, ஊர் போர்ச்சுகல். முதுகில் மூட்டையும் பக்கத்தில் காதலியுமாக நாலு மாசமாக ஊர் சுற்றுகிறான். ஹனோய் வந்து ஐந்து நாள் ஆகிறது. இன்று சாயங்காலம் ஏழரை மணி ரயிலில் தெற்கே ஹோய் ஆன் போகிறார்கள். ஊர் சுற்றிகள் எல்லாரும் பேசுகிற அந்த உடைந்த ஆங்கிலத்தில்தான் பேசினான். தியெப்புக்கு ரயில் சொல்லிக்கொடுத்ததும் அதே ஆங்கிலம்தான்.

"மெதுவாப் பேசுங்க" என்று அவன் ஜன்னல் பக்கம் கையைக் காட்டினான். "அவ கீழே உட்கார்ந்திருக்கா. நான் பார்சல் அனுப்பறதைப் பத்தி விசாரிக்க வந்திருக்கேன்னு நினைச்சிட்டிருக்கா."

தியெப் எட்டிப் பார்த்தாள். பாங்கும் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தான். கீழே குட்டி பிளாஸ்டிக் ஸ்டூலில், முழங்கால் தாடையில் இடிக்க, சுருள் முடிக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அதுதான் இனேஸ். முன்னால் சூப் ஆவி பறந்துகொண்டிருந்தது. அவளோ இடது கை விரலை ஐஸ் டீ கிளாஸுக்குள் விட்டு ஊற வைத்துக்கொண்டிருந்தாள்.

"சூப்பைக் குடிக்காம டீயில கை கழுவறா" என்றான் பாங். "நம்ம ஊரு வெயில் இப்பவே மூளைக்கு ஏறிடுச்சு போல."

தியெப் ப்ரூனோவிடம் திரும்பினாள். "என்ன தொலைஞ்சது தம்பி?" என்று கேட்டாள்.

"மோதிரம்." ப்ரூனோவின் குரல் இறங்கியது. "எங்கம்மாவோடது. கிளம்பும்போது விரல்லேர்ந்து கழட்டிக் கொடுத்தாங்க. நாளைக்கு ஹோய் ஆன்ல, ஆத்தங்கரையில, விளக்கெல்லாம் ஏத்தற நேரத்துல, அவகிட்ட கேக்கலாம்னு... நாலு மாசமா ஒரு சிவப்புத் துணிப்பையில போட்டு, என் சாக்ஸுக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்தேன். தினமும் காலையில எழுந்ததும் தொட்டுப் பார்ப்பேன். இன்னிக்கு சாக்ஸ் இருக்கு, பை இல்ல."

"நாலு மாச சாக்ஸுக்குள்ள கையை விட்டிருக்கான்னா திருடன் தைரியசாலிதான்" என்று பாங் வியட்நாமிய மொழியில் முணுமுணுத்தான்.

"அளவு பார்த்தியா?" என்றாள் தியெப்.

"எதுக்கு அளவு?"

"மோதிரத்துக்கு."

ப்ரூனோ விழித்தான். "மோதிரத்துக்கு அளவெல்லாம் உண்டா?"

தியெப் பாங்கைப் பார்த்தாள். பாங் கூரையைப் பார்த்தான்.

"சரி, வேற ஏதாவது தொலைஞ்சுதா?"

"அதுதான் விசித்திரம்! தினமும் தொலையுது. செவ்வாய்க்கிழமை அவ தொப்பி. புதன்கிழமை குடை. வியாழக்கிழமை தண்ணி பாட்டில். ஒவ்வொண்ணும் மறுநாள் காலையில வெள்ளிக்கடைத் தெருவுல ஒரே கடையில கிடைச்சிடுது. நாங்க போனதும் அந்தம்மா சிரிச்சுக்கிட்டே எடுத்துக் கொடுப்பாங்க. ரொம்ப நல்லவங்க. நன்றிக்காகவே நாங்களும் ஏதாவது ஒண்ணு வாங்கிட்டு வருவோம்."

"எத்தனை மணிக்குப் போவீங்க?"

"கடை திறந்ததும்."

"பேரம் பேசுவீங்களா?"

"இல்ல. சொன்ன விலையைக் கொடுத்துடுவோம். தப்பா?"

பாங் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். "முதல் ஆளா வந்து, சொன்ன விலைக்கு வாங்கிட்டு, சிரிச்சுக்கிட்டே போயிருக்காங்க! அக்கா, இந்த ஜோடிக்குக் கோயிலே கட்டலாம்!"

"அந்தம்மா பேரு லியூ. எனக்குத் தெரியும்" என்றாள் தியெப், ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டே. "நீ கீழே போய் சூப் சாப்பிடு தம்பி. பன்னெண்டு மணி வரைக்கும் டைம் கொடு."

"அதுக்கப்புறம் நான் போலீஸுக்குப் போயிடுவேன். மோதிரம் இல்லாம ரயில் ஏற மாட்டேன்" என்றான் ப்ரூனோ. போகும்போதும் நிலைப்படி அவனை விடவில்லை.

* * *

பைக் வெள்ளிக்கடைத் தெருவுக்குள் நுழைந்தது. வாழைப்பழ வண்டிக்காரி ஒருத்தி குறுக்கே வர, பாங் ஹாரனை அடித்தபடியே பேசிக்கொண்டு வந்தான்.

"கேஸ் முடிஞ்சுது அக்கா. கைராசிக்காரங்க கிடைச்சா எந்தக் கடைக்காரி விடுவா? ஒரு சாமானை எடுத்து ஒளிச்சு வெச்சா, மறுநாள் தேடிக்கிட்டு முதல் ஆளா வருவாங்க. போணியும் ஆகும், புண்ணியமும் ஆகும். நேத்து எடுக்க வேற எதுவும் இல்ல, சிவப்புப் பையைப் பார்த்தா, எடுத்துட்டா. உள்ளே என்ன இருக்குன்னே தெரிஞ்சிருக்காது."

"சாக்ஸுக்குள்ள இருந்தது எப்படிடா கடைக்குப் போச்சு?"

பாங் ஒரு வளைவு முழுக்க யோசித்தான். "சாக்ஸே நடந்து போயிருக்கும். நாலு மாசம்!"

லியூவின் கடை ஒரு ஆள் கை நீட்டினால் இரண்டு சுவரையும் தொடும் அகலம். வாசலில் தரையோடு தரையாகச் செல்வச் சாமியின் சின்ன மாடம். சாமிக்கு முன்னால் ஒரு கப் காபி, பற்றவைத்த சிகரெட் ஒன்று. உள்ளறையில் எங்கோ கடிகாரம் 'டிக் டிக்' என்று அடித்துக்கொண்டிருந்தது.

பாங்கைப் பார்த்ததும் லியூ, பாம்பு வந்ததுபோல் எழுந்துவிட்டாள்.

"அடப்பாவி! இன்னும் போணிகூட ஆகலை, நீ ஏன்டா வாசப்படியில கால் வைக்கறே? தியெப்பு, உனக்கு நான் என்னடி பாவம் பண்ணினேன், இவனைக் கூட்டிட்டு வந்திருக்கே?"

"வணக்கம் அக்கா. இந்த வளையல் என்ன விலை?" என்றான் பாங்.

"கையை எடு!"

"தொப்பி, குடை, பாட்டில்" என்றாள் தியெப்.

லியூ மெதுவாக உட்கார்ந்தாள். கன்னம் சிவந்திருந்தது.

"யாரு சொன்னா?... சரி, எடுத்தேன். என்ன இப்போ? களவா பண்ணினேன்? ராத்திரி சாமி மாடத்துக்குப் பக்கத்துல வெச்சுட்டு காலையில திருப்பிக் கொடுத்துட்டேன். அந்தப் பொண்ணு கை பட்ட அன்னிக்கு எவ்வளவு வியாபாரம் ஆச்சு தெரியுமா? ஆறு மாசமா உறங்கின கடைடி இது! நேத்து வெள்ளிக்கிழமை அதுங்க கையில எடுக்க ஒண்ணுமே இல்ல. எவ்வளவு கவலைப்பட்டேன் தெரியுமா?"

"அப்போ சிவப்புத் துணிப்பை?"

"எந்தப் பை? எனக்கு ஒரு பையும் தெரியாது. இன்னிக்கு இங்கே ஒருத்தரும் வரலை. நீங்கதான் முதல். போணி ஆகலைன்னு சொல்றேன்ல?" கேட்ட கேள்விக்கு மேலேயே பதில் வந்தது. "போங்க, போங்க. புண்ணியமாப் போகும்."

தியெப் இன்னும் ஒரு நிமிஷம் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு "வரேன் அக்கா" என்று இறங்கிவிட்டாள். ஒன்றும் வாங்கவில்லை. பாங்கும் வாங்கவில்லை.

வெளியே வந்த பாங், பழக்கதோஷத்தில் தோளைக் குறுக்கிக்கொண்டான். முதுகுப்பக்கம் தீக்குச்சி உரசும் சத்தத்துக்காகக் காது தானாக நீண்டது. பைக்கில் ஏறினான். திரும்பிப் பார்த்தான். லியூ வாசலில் நின்று, அவர்கள் போகட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் தாளுமில்லை, தீப்பெட்டியுமில்லை.

* * *

மூலைக் கடையில் ஐஸ் டீ வந்தது. மணி பத்தரை.

"ஓட்டல்ல அறை பெருக்கற ஆளைப் பிடிப்போம்" என்றான் பாங். "இல்லாட்டி அந்த நெட்டையனே எங்கேயோ வெச்சுட்டு மறந்திருப்பான். தினமும் நிலைப்படியில இடிச்சா ஞாபகம் எங்கே நிக்கும்?"

தியெப் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கேஸ் எப்படிப் போனாலும் எனக்கு இன்னிக்கு நல்ல நாள்." பாங்கால் அதை அடக்க முடியவில்லை. "என் ராசி மாறிடுச்சு! போணிக்கு முன்னால போய், விலை கேட்டு, வாங்காம வந்திருக்கேன். லியூ அக்கா பேப்பர் கொளுத்தலை! பதினஞ்சு வருஷத்துல முதல் தடவை! இனிமே ஜாதகத்தையே மாத்தி எழுதலாம்."

தியெப் தலையை நிமிர்த்தினாள். "என்ன சொன்னே?"

"ராசி மாறிடுச்சு."

"அதுக்கு முன்னால."

"கொளுத்தலைன்னேன்."

"நல்லாப் பார்த்தியா? புகையே வரலையா?"

"அக்கா, புகை விஷயத்துல என் கண்ணுக்கு நிகர் யாரு?"

தியெப் சிரிக்க ஆரம்பித்தாள். அந்தச் சிரிப்பு பாங்குக்குத் தெரியும். ரயில் கழிவறையில் ஒளிந்திருப்பவனின் செருப்பு நுனியைப் பார்த்துவிட்டால் வரும் சிரிப்பு அது.

"உன் ராசியெல்லாம் மாறலைடா. நாற்பது வருஷமா கடை வெச்சிருக்கிற பொம்பளை, போணிக்கு உன்னை மாதிரி ஒருத்தன் வந்துட்டு வெறுங்கையோட போனா, கடையையே கொளுத்துவா. பேப்பர்கூடக் கொளுத்தலைன்னா என்ன அர்த்தம்? அவளுக்கு பயமில்ல. நமக்கு முன்னாலேயே போணி ஆயிடுச்சு!"

பாங்கின் முகம் காற்றுப்போன டயர்போல் ஆனது. "அப்போ என் ஜாதகம்..."

"பழைய ஜாதகம்தான். இன்னொண்ணு சொல்லு. உள்ளே 'டிக் டிக்'னு கேட்டுதே, அது என்ன?"

"கடிகாரம்."

"கடிகாரம் ஒரே சீரா அடிக்கும். இது நாலு தட்டு தட்டி, நின்னு, மறுபடி தட்டுச்சு. லியூவோட புருஷன் பட்டறையில உட்கார்ந்திருக்காரு. போணி ஆகாம அந்த வீட்டுல சுத்தியலைத் தொட மாட்டாங்க. அப்போ காலையில யாரோ வந்திருக்காங்க, வேலை கொடுத்திருக்காங்க. அதை லியூ மறைக்கிறா. தான் மூணு சாமான் எடுத்ததையே ஒத்துக்கிட்டவ, வந்த ஆளை மட்டும் ஏன் மறைக்கணும்?"

"அக்கா, எனக்குத் தலை சுத்துது. நேராச் சொல்லுங்க."

தியெப் தன் இடது மோதிர விரலை எடுத்து ஐஸ் டீக்குள் விட்டாள்.

பாங் அந்த விரலைப் பார்த்தான். டீயைப் பார்த்தான். காலையில் ஜன்னல் வழியே பார்த்த சுருள் முடியும் ஆவி பறந்த சூப்பும் அவன் கண் முன் வந்தன.

"அய்யய்யோ!" என்று எழுந்தான். ஸ்டூல் உருண்டது.

* * *

அவர்கள் திரும்பி நுழைந்தபோது லியூ மறுப்பதற்கு வாயைத் திறந்தாள். உள்ளே மறுபடியும் நாலு தட்டு கேட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

"கடிகாரத்தை நிறுத்தச் சொல்லுங்க அக்கா" என்றான் பாங். "மணி தப்பாக் காட்டுது."

"நான் வாக்குக் கொடுத்திருக்கேன்டி" என்றாள் லியூ பரிதாபமாக.

"யாருக்கு? அவ பேச்சு உனக்குப் புரியாது, உன் பேச்சு அவளுக்குப் புரியாது."

"வாக்குக்கு எதுக்குப் பேச்சு? ஏழு மணிக்கு ஓடி வந்தா. விரல் பூரியா உப்பியிருக்கு, சோப்பு நுரை காயலை. மோதிரத்தைக் காட்டினா. கையைக் காட்டினா. அப்புறம் உதட்டு மேல விரலை வெச்சு, கண்ணு கலங்க இப்படிப் பார்த்தா. நானும் என் உதட்டுல விரலை வெச்சேன். முடிஞ்சுது. அதுதான் வாக்கு. இன்னிக்கு அவதான்டி எனக்கு போணி!"

பட்டறையிலிருந்து அவள் புருஷன் கூம்பு மாதிரி ஒரு இரும்புக் கம்பியோடு எட்டிப் பார்த்தார். கம்பியில் மெல்லிய தங்க மோதிரம் ஒன்று இருந்தது. "இன்னும் ஒரு நூல் அகலப்படுத்தணும்" என்றார். "இதைப் போட்டிருந்த அம்மாவுக்கு விரல் சன்னம்."

அந்த நேரம் பார்த்து வாசலில் நிழல் விழுந்தது. இனேஸ்.

அவள் தியெப்பைப் பார்த்தாள், பாங்கைப் பார்த்தாள். சூப் கடை மாடியிலிருந்து இவர்கள் இறங்கி வந்ததைப் பார்த்திருப்பாள்; அங்கே மாட்டியிருந்த துப்பறியும் அலுவலகப் பலகையையும் படித்திருக்கத்தான் வேண்டும். முகம் வெளுத்தது.

"அவனுக்குத் தெரிஞ்சு போச்சா?"

"காணோம்னு தெரியும். எங்கேன்னு தெரியாது" என்றாள் தியெப். "நேத்து ராத்திரி பார்த்தியா?"

"கால் சில்லுனு இருந்துச்சு. சாக்ஸ் எடுத்தேன்." இனேஸுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "ஆசையை அடக்க முடியல. போட்டுப் பார்த்தேன். மாட்டிக்கிச்சு! விடியக்காலையில பாத்ரூம்ல ஒரு மணி நேரம் சோப்போட போராடித்தான் கழட்டினேன். அவன் ஹோய் ஆன்ல மண்டி போடப் போறான்னு எனக்குத் தெரியும். விளக்கு, ஆறு, நிலா எல்லாம் பார்த்துப் பார்த்து வெச்சிருப்பான். அங்கே வந்து மோதிரம் விரல்ல நுழையலைன்னா அவன் முகம் எப்படி ஆகும்? அம்மா மோதிரம் வேற. அபசகுனம்னு உடைஞ்சே போயிடுவான். அவனுக்குத் தெரியாம சரி பண்ணி, மத்தியானத்துக்குள்ள திரும்ப சாக்ஸுல வெச்சிடலாம்னு நினைச்சேன். தினமும் காலையில தொட்டுப் பார்ப்பான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"இப்போ மணி பதினொண்ணேகால். பன்னெண்டுக்கு அவன் போலீஸுக்குப் போறான்" என்றான் பாங். "அப்புறம் மொத வேலையா இந்தக் கடைக்குத்தான் ஜீப் வரும். அது எந்தக் கடைக்கும் நல்ல போணி இல்ல."

லியூ நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "தட்டுங்க, சீக்கிரம் தட்டுங்க!" என்று புருஷனைப் பார்த்துக் கத்தினாள்.

* * *

பன்னிரண்டுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஓட்டல் அறையில் ப்ரூனோவின் மூட்டை கட்டிலின் மேல் கவிழ்ந்து கிடந்தது. பாங் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மூக்கைப் பிடித்தபடி, சாக்ஸ் சாக்ஸாகத் தேடினான். ஐந்தாவது ஜோடியில் அவன் கை கொஞ்சம் அதிக நேரம் இருந்தது.

"இதுவா பாருங்க" என்று சிவப்புப் பையை வெளியே எடுத்தான்.

ப்ரூனோ பாய்ந்து வந்து பையைத் திறந்தான். கண் நிறைந்துவிட்டது. "இந்த சாக்ஸை நான் பத்து தடவை பார்த்தேனே!"

"பதினோராவது தடவை பார்த்திருக்கணும் சார். அதுக்குத்தான் துப்பறியறவங்க வேணும்கறது."

* * *

சாயங்காலம் ஏழு மணிக்கு ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் அட்டைப் பெட்டிகளும் பழக்கூடைகளும் முட்டிக்கொண்டிருந்தன. வழியனுப்ப தியெப்பும் பாங்கும் வந்திருந்தார்கள். ப்ரூனோ மூன்றாம் பெட்டியின் படியில் ஒரு காலை வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான்.

"முடியாது" என்று திடீரென்று சொன்னான். "நாளை வரைக்கும் இதை வெச்சுக்க என்னால முடியாது. இன்னொரு தடவை தொலைஞ்சா செத்துடுவேன்."

முதுகு மூட்டையோடு அப்படியே மண்டி போட்டான். ஆறுமில்லை, விளக்குமில்லை. தலைக்கு மேலே ஒலிபெருக்கி சைகோன் வண்டியின் நேரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. இனேஸ் அவன் கேட்டு முடிப்பதற்குள்ளேயே மூன்று முறை தலையாட்டிவிட்டாள். மோதிரம் அவள் விரலில் வெண்ணெயில் கத்திபோல வழுக்கி இறங்கி, இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்தது.

ப்ரூனோ அசந்துபோனான். "பார்த்தியா! அளவே எடுக்கலை! எங்கம்மா விரலும் உன் விரலும் ஒண்ணு! இதுக்குப் பேருதான் விதி!"

பாங்கின் வாய் தானாகத் திறந்தது. தியெப்பின் குதிகால் அவன் கால் கட்டைவிரலில் இறங்கியது. வாய் மூடிக்கொண்டது. இனேஸ் அவன் தோளுக்கு மேலாகத் தியெப்பைப் பார்த்து, உதட்டின் மேல் ஒரு விரலை வைத்தாள். மோதிரம் போட்ட விரல்.

ரயில் நகர்ந்தது. உள்ளே போகும்போது ப்ரூனோ பெட்டிக் கதவின் மேல்சட்டத்தில் தலையை இடித்துக்கொண்ட 'டங்' பிளாட்பாரம் வரை கேட்டது.

"உண்மையைச் சொல்லியிருக்கணும் அக்கா" என்றான் பாங், கால் விரலைத் தடவிக்கொண்டே. "பாவம், விதின்னு நம்பிட்டுப் போறான்."

"இருபது வருஷம் டிக்கெட் பார்த்தேன்டா. பிடிச்ச ஒவ்வொருத்தனையும் வண்டியிலேர்ந்து இறக்கியா விட்டேன்?"

அவள் போன் அடித்தது. லியூ. ஸ்பீக்கரில் போட்டாள்.

"தியெப்பு, அதுங்க போயிடுச்சா? நல்லா இருக்கட்டும், நல்லா இருக்கட்டும்." குரல் தழுதழுத்தது. "அது சரி, நாளைக்கு ஞாயித்துக்கிழமை. கூட்டம் வர்ற நாள். கைராசிக்கு நான் எங்கேடி போவேன்? போணிக்கு யாரையாவது அனுப்பேன்."

"அதுக்கென்ன அக்கா? அந்த மோதிரத்தைக் கையில சுமந்துக்கிட்டுப் போனது நம்ம பாங்தான். ராசி கொஞ்சமாவது ஒட்டியிருக்கும். காலையில ஏழு மணிக்கு அவனையே அனுப்பறேன்."

போனில் தாள் சுருட்டப்படும் சரசரப்பைத் தொடர்ந்து, ஒரு தீக்குச்சி உரசும் சத்தம் தெளிவாகக் கேட்டது.